பல் கூச்சமா, ஆள் கூச்சமா? வாய்நலக் கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு

இந்த வேலையை ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூட இதைச் செய்து பார்த்தவர் இல்லை. எனக்கு முழுசாக 13 மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் என் அவசரக் குடுக்கைத்தனத்தால் வீணானது. மீதிப் பதினொன்றில் எங்கே சுருக்கலாம், எங்கே சுருக்கவே கூடாது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. புதுச்சேரியிலோ கடலூர் பக்கமோ சமூகப் பல்மருத்துவம் படிக்கிறீர்கள், ஆய்வேட்டுக்காக ஒரு வாய்நல வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

சுருக்கமாக விஷயம் இது. உங்கள் வாயில் எத்தனை சொத்தை என்று கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தச் சொத்தையால் சாப்பாடு, தூக்கம், பேச்சு, நாலு பேர் முன்னால் சிரிப்பது இதெல்லாம் எந்த அளவு கெட்டது என்பதை உங்களைக் கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்பதற்கென்றே ஆங்கிலத்தில் பல கேள்வித்தாள்கள் உண்டு. அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. நம் ஊர் ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அதே பொருளை எடுத்துக்கொள்கிறாரா என்று காட்ட வேண்டும். வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

1. ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

நான் செய்யாமல் விட்ட முதல் வேலை இதுதான். முதியோருக்கான 12 கேள்விகள் கொண்ட கோஹாய் என்ற கேள்வித்தாளை எடுத்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து தமிழாக்கி, துறைக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், “இதுக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே வந்துடுச்சே, பார்க்கலையா?” என்றார். வந்துதான் இருந்தது. இரண்டு மாதம் போச்சு.

அதனால் முதல் வாரம் முழுக்கத் தேடல்தான். கேள்வித்தாளின் பெயரோடு ‘தமிழ்’, ‘தென்னிந்தியா’, ‘இலங்கை’ என்று மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். பெரியவர்களுக்கான ஓஹிப்-14, முதியோருக்கான கோஹாய், அன்றாடச் செயல்பாடுகள் எட்டை வைத்துக் கேட்கும் ஓஐடிபி, சின்னப் பிள்ளைகளுக்காகப் பெற்றோரிடம் கேட்கும் 13 கேள்வி ஈகோஹிஸ் எல்லாம் பிரபலமானவை. பிரபலமானதை யாராவது தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். தமிழ் வடிவம் இருந்தால் அதைச் செய்தவர்களுக்கு எழுதி வாங்கி, உங்கள் பகுதியில், உங்கள் வயதுக்காரர்களிடம் அது நிற்கிறதா என்று சோதிக்கலாம். அதுவும் முழு ஆய்வேடுதான், இளப்பம் இல்லை.

நான் வேறொன்றுக்கு மாறினேன். அதைப் பற்றிய கட்டுரை இன்னும் வெளிவராததால் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் முதியோருக்கானது, 16 கேள்விகள். உதாரணம் தேவைப்படும் இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கோஹாயையும் ஓஹிப்-14ஐயும் துணைக்கு இழுத்துக்கொள்கிறேன்.

2. அனுமதிக் கடிதம்: கையில் வராமல் ஒரு வரிகூட மொழிபெயர்க்காதீர்கள்

கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அது பொதுச்சொத்து ஆகிவிடாது. உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில கேள்வித்தாள்களின் உரிமத்தைப் பிரான்சின் லியோன் நகரில் உள்ள மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் தன் ஈபுரொவைட் தளம் வழியாகக் கொடுக்கிறது. உங்களுடையது அங்கே இருந்தால் அந்தப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். மாணவர் ஆய்வு, நிதியுதவி இல்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கட்டணம் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த வயதினரிடம் பயன்படுத்தப் போகிறீர்கள், தாளில் எழுதி வாங்குவீர்களா அல்லது வாசித்துக் காட்டி விடை குறிப்பீர்களா, எந்த முறையில் மொழிபெயர்ப்பீர்கள், முடிந்ததும் தமிழ் வடிவத்தை அவருக்கு அனுப்புவீர்களா. இதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். நம் ஊர் உணவுப் பெயர்களை மாற்றலாமா, விடைகளுக்குப் படம் சேர்க்கலாமா? எனக்கு இதைத் தனியாக இன்னொரு கடிதம் போட்டுக் கேட்க வேண்டிவந்து, அதற்கே மூன்று வாரம் காத்திருந்தேன்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் கட்டுரையின் இணை ஆசிரியருக்கு, அதன் பிறகு பத்திரிகைக்கு. பழைய கட்டுரைகளில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி பாதி செத்துப்போயிருக்கும், அவருடைய புதிய கட்டுரையைத் தேடி அதிலிருந்து எடுங்கள்.

3. நெறிமுறைக் குழுவின் கோப்பு

ஆட்களிடம் கேட்டுச் செய்யும் ஆய்வு என்பதால் தொடங்கும் முன் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை வழிகாட்டுதலை ஒருமுறையாவது புரட்டுங்கள். குழு கேட்கிற பாதிக் கேள்விகள் அதிலிருந்துதான் வரும். கோப்பில் நான் வைத்தவை: ஆய்வுத் திட்டம், மூலக் கேள்வித்தாள், அனுமதிக் கடிதத்தின் நகல், பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், கடைசி இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும், தமிழ் சரியென்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்று, வழிகாட்டியின் கையெழுத்து, செலவுத் திட்டம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வுக் குழுவைச் சேராத, எழுதப் படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். படிவத்தில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். என் முதல் படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கட்டத்துக்காக இரண்டு மாதம்.

அடுத்தது எழுத்துரு. டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கினால் அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அது உங்கள் கணினியில் வெறும் கோழிக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். முதியோருக்கு எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது.

கல்லூரி கேட்டால், இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்கும் சிடிஆர்ஐ தளத்தில் பதிவும் செய்ய வேண்டும். முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும், பிறகு போனால் ஏற்பதில்லை. பதிவு இலவசம். ஆனால் அவர்கள் திருத்தம் கேட்டுக் கேட்டு அனுப்புவார்கள், ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள்.

4. இரண்டு தமிழாக்கம், தனித்தனியாக

கேள்வித்தாளை வேறு மொழிக்குக் கொண்டுபோவதற்கு 2000இல் பீட்டன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள், நானும் அப்படித்தான். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் தமிழாக்க வேண்டும். இருவருக்கும் தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர், அதாவது பல்மருத்துவர். மற்றவருக்குப் பல்மருத்துவமே தெரியக் கூடாது. எனக்கு இரண்டாமவராகக் கிடைத்தவர் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஒருவர்.

இருவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருத்துவர், “டென்ச்சர்” என்றே விட்டிருந்தார். தமிழாசிரியர், “செயற்கைப் பல்வரிசை” என்று எழுதியிருந்தார். ஊரில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. “பல்செட்டு” என்பார்கள், இல்லாவிட்டால் “பல்லு கட்டியிருக்கேன்” என்பார்கள். ஈறு என்பதும் அப்படித்தான். எழுத்தில் ஈறு, பழைய ஆட்கள் பேச்சில் எகிறு. வாசித்துக் காட்டும்போது “ஈறு” என்று மட்டும் சொன்னால், தலையில் இருக்கிற ஈரைக் கேட்கிறேன் என்று ஒரு பாட்டி நினைத்துக்கொண்டார். இரண்டு சொல்லையும் சேர்த்தே போட்டோம்.

இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று எழுதுங்கள். அந்த ‘ஏன்’ பத்தியைத்தான் பின்னால் தேர்வாளர் கேட்பார். நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் தொலைந்தீர்கள்.

5. திரும்ப ஆங்கிலத்துக்கு

ஒன்றாக்கிய தமிழை, மூலத்தைப் பார்த்தே இராத இரண்டு பேர் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் நல்லது, மருத்துவப் பின்னணி இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரும் பாடு. நமக்குப் பக்கத்தில் ஆரோவில் இருக்கிறது. அங்கே ரொம்ப வருஷமாகத் தங்கி நல்ல தமிழ் பேசுகிற வெளிநாட்டவர் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நான் செய்த தப்பு: இரண்டாவது ஆளாக என் வகுப்புத் தோழியைப் பிடித்தேன். மூலத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னாள், பொய்யும் இல்லை. ஆனால் இதே மாதிரிக் கேள்வித்தாள்களைப் படித்துப் படித்துக் கரைத்துக் குடித்தவள். அவள் திருப்பிக் கொடுத்த ஆங்கிலம் மூலத்தோடு கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. திரும்பி வரும் ஆங்கிலம் அவ்வளவு கச்சிதமாக இருந்தால், மொழிபெயர்த்தவர் தமிழைப் படிக்கவில்லை, தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். இந்தக் கச்சிதத்துக்குள் ஒளிந்திருந்த பிழை ஏழாவது படியில் ஒரு பாட்டியிடம் மாட்டியது, அங்கே சொல்கிறேன்.

6. குழுக் கூட்டம்

மொழிபெயர்த்த நால்வர், பல்மருத்துவர் ஒருவர், ஆய்வுமுறை தெரிந்தவர் ஒருவர், மொழி தெரிந்தவர் ஒருவர். நேரில் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள், மதியச் சாப்பாடு போடுங்கள். வீடியோ அழைப்பில் எல்லாரும் “ஓகே” சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விதமாகப் பாருங்கள்: சொல் ஒத்திருக்கிறதா, வழக்குப் பொருந்துகிறதா, அனுபவம் நம்முடையதா, கருத்து மாறவில்லையா.

அனுபவம் என்று சொன்னதற்கு நல்ல உதாரணம் கோஹாயில் உண்டு. கெட்டியான இறைச்சி, ஆப்பிள் போன்றவற்றைக் கடிக்கச் சிரமப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி. சைவக்காரரிடம் இறைச்சியைப் பற்றிக் கேட்க முடியாது. ஆப்பிள் இங்கே காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். என்னுடையதிலும் அதை ஒட்டிய ஒன்று இருந்தது, அதற்கு எங்கள் குழு முறுக்கு, கொய்யா, கரும்பு என்று மூன்றைச் சொன்னது. நெல்லிக்குப்பம் பக்கத்து ஆள் ஒருவர் கரும்புக்குக் கொடிபிடித்தார். நியாயம்தான், அந்த ஊருக்குச் சர்க்கரை ஆலையே அடையாளம். ஆனால் கரும்பைக் கடித்துத் தின்பது பொங்கலோடு சரி, அறுபது வயசுக்கு மேல் நல்ல பல் இருப்பவரே யோசிப்பார். கடைசியில் முறுக்கும் கொய்யாவும் நின்றன.

7. முப்பது நாற்பது பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

பீட்டன் முறையில் 30 முதல் 40 பேர் என்று இருக்கிறது. நிறையப் பேர் இதை ஒரே நாளில், புறநோயாளி வரிசையில் நிற்பவர்களிடம் தாளைக் கொடுத்து, “புரிஞ்சுதா?”, “புரிஞ்சுது” என்று முடித்துவிடுகிறார்கள். பணமும் நாளும் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் சுருக்குங்கள், இதில் மட்டும் சுருக்காதீர்கள். நான் 36 பேரிடம் பேசினேன், ஆளுக்கு முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் முடியாது.

கேட்கும் முறை இப்படி. கேள்வியை வாசியுங்கள். விடையை வாங்குங்கள். அப்புறம், “நான் கேட்டதை உங்க பேச்சுல திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, “எதை நினைச்சு இந்தப் பதில் சொன்னீங்க?” இவ்வளவுதான். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டாக்டரம்மாவிடம் புரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்தப் பாட்டி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்து வீட்டுத் திண்ணை. பாட்டிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், கீழ்வரிசை முன்பற்கள் நான்கைந்து மட்டும் பாக்கி. என் கேள்வித்தாளில், பல்லாலோ வாயாலோ ஏற்பட்ட பிரச்சினையால் மற்றவர்கள் முன் சங்கடமாக உணர்ந்தீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு. ஆங்கிலத்தில் ‘செல்ஃப் கான்ஷியஸ்’. கோஹாயிலும் ஓஹிப்-14இலும்கூட அந்தச் சொல் உண்டு. நாங்கள் போட்டிருந்த தமிழ்: “உங்கள் பற்களால் எத்தனை முறை கூச்சம் ஏற்பட்டது?” பாட்டி யோசிக்கவே இல்லை.

“அடிக்கடிதான் பாப்பா.”

சரி, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பிறகு எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“புளிச்ச மாங்கா கடிச்சா கூசாதா பின்ன? ஐஸ் தண்ணி வாயில வைக்க முடியல.”

கூச்சம். ஆளுக்கும் கூச்சம், பல்லுக்கும் கூச்சம். வேறு எந்தக் கேள்வித்தாளிலாவது இது ஒழுங்காக வேலை செய்திருக்கும், பல்லைப் பற்றிய கேள்வித்தாளில் செய்யாது. போதாக்குறைக்கு இரண்டு கேள்வி தள்ளிச் சூடு, குளிர்ச்சி, இனிப்புக்குப் பல் கூசுகிறதா என்றே தனியாக ஒரு கேள்வி வேறு இருந்தது. நான்கு மொழிபெயர்ப்பாளர்கள், ஏழு பேர் கொண்ட குழு, யார் கண்ணிலும் படவில்லை. என் தோழி அதைத் திரும்ப ‘செல்ஃப் கான்ஷியஸ்’ என்றே எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு முன் பேசியிருந்த எட்டுப் பேரின் குறிப்பை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர் ஐஸ் தண்ணியைத்தான் சொல்லியிருந்தார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

‘வெட்கம்’ போட்டுப் பார்த்தோம், பெண்கள் சிரித்தார்கள், ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. ‘சங்கோஜம்’ வயதானவர்களுக்குப் புரிந்தது, அறுபதை ஒட்டியவர்கள் சிலருக்குப் பழசாகப் பட்டது. கடைசியில் தமிழாசிரியர்தான் வழி சொன்னார். பல் கூசும், ஆள் கூச்சப்படுவார். வினையை மாற்றினால் போதும். “நாலு பேர் முன்னால் கூச்சப்பட்டீர்களா?” என்றதும் ஐஸ் தண்ணி பதில் நின்றுவிட்டது.

இதே போல இன்னொன்று. உணவு திருப்தியாக இல்லையா என்ற பொருளில் ஓஹிப்-14இல் ஒரு கேள்வி உண்டு, என்னுடையதிலும் அதை ஒட்டிய ஒன்று. “உங்கள் உணவுமுறை திருப்தியற்றதாக இருந்ததா?” என்று படித்ததும் தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர், “எங்க வீட்டுச் சோத்துக்கு என்னம்மா குறைச்சல்?” என்று கேட்டுவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்க, எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “பல்லால், வாயால் வயிறாரச் சாப்பிட முடியாமல் போனதா?” என்று காரணத்தை முன்னால் கொண்டுவந்தோம். தமிழில் காரணம் முதலில் வந்தால்தான் கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்கிறார், கடைசியில் ஒட்டவைத்தால் காற்றில் போய்விடுகிறது.

மருமகளோ மகனோ பக்கத்தில் நின்றால் அவர்கள்தான் பதில் சொல்வார்கள். தண்ணீர் கேளுங்கள், உள்ளே போவார்கள். வெள்ளைக் கோட்டை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோட்டைப் பார்த்தால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, எல்லாக் கேள்விக்கும், “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்று வரும்.

8. விடைகள்தான் கேள்வியைவிடத் தலைவலி

ஓஹிப்-14இல் விடைகள் ஐந்து, 0 முதல் 4 வரை. மொத்தம் 56 மதிப்பெண். முதலும் கடைசியும் பிரச்சினை இல்லை, நடுவில் இருப்பதுதான் குழப்பம். ‘மிக அரிதாக’ என்பதற்கும் ‘எப்போதாவது’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. ‘அரிதாக’ என்று திண்ணையில் உட்கார்ந்து யாரும் பேசுவதில்லை. நாங்கள் ‘இல்லவே இல்லை, ஒன்றிரண்டு தடவை, அப்பப்போ, அடிக்கடி, எந்நேரமும்’ என்று போட்டு, கூடவே ஐந்து டம்ளர் படம் வரைந்த அட்டை ஒன்று வைத்தோம்: காலி, கால், அரை, முக்கால், முழுசு. படிக்கத் தெரியாதவர்கள் விரலை வைத்துக் காட்டினார்கள். அட்டை சேர்த்தால் மூல ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், கட்டுரையிலும் எழுதிவிடுங்கள்.

காலமும் இப்படித்தான். கோஹாய் கடந்த மூன்று மாதத்தைக் கேட்கிறது, ஓஹிப்-14இன் மூலம் கடந்த ஒரு வருடத்தை. “மூணு மாசமா” என்றால் நம் ஆட்களுக்கு அது ‘கொஞ்ச நாளா’. ஒரு நிகழ்ச்சியைக் கட்டிக் கேளுங்கள். மே மாதம் களத்துக்குப் போன நான், “மாசி மகத்திலிருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று ஆரம்பித்தேன். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்த நாள் அங்கே யாருக்கு மறக்கும்?

9. களம்: எல்லையும் பருவமும்

புதுச்சேரி வேறு நிர்வாகம், கடலூர் வேறு நிர்வாகம். பாகூர் பக்கம் போனால் ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் சேர்ப்பதாக இருந்தால் அது எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தந்த சுகாதாரத் துறையில் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக் கடிதத்தைக் காட்டி மறுபக்கம் நுழைய முடியாது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கடிதமும் தாண்ட வேண்டும். கோப்பு நகர நான்கு வாரம் ஆகும், நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

மீனவர் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம், விசைப்படகில் போகிற ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் அதே மாதங்களில் போகாதீர்கள். முந்திரியும் பலாவும் வரும் காலம், பகலில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை களப்பணியே வைக்காதீர்கள். கடலூரில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வாரம் கழித்து அதே ஆளைத் திரும்பப் பார்க்க வேண்டிய ஆய்வு இது.

எண்ணிக்கை: திருத்தி முடித்த கேள்வித்தாளைச் சோதிக்க, கேள்விக்குப் பத்து பேர் என்று எடுத்துக்கொண்டால் என் 16 கேள்விக்கு 160. நான் 170 பேரைச் சேர்த்தேன். எப்படி இருந்தாலும் நூறுக்குக் குறையாதீர்கள். இவர்களில் குறைந்தது 50 பேரிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை அதே ஆள் போய்க் கேட்க வேண்டும். ஐம்பது வேண்டுமென்றால் அறுபது பேரிடம் சொல்லிவையுங்கள். நடுவில் பல் பிடுங்கிக்கொண்டவர், பல்செட்டுக் கட்டிக்கொண்டவர் கணக்கில் வரக் கூடாது, அவர் நிலைமையே மாறிவிட்டது. எனக்கு அப்படி ஏழு பேர் போனார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் ஊரில் இலவசப் பல் முகாம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்காதது என் தப்பு.

10. எண்கள்

இதைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் விடுங்கள், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்குக் கிரான்பாக் ஆல்ஃபா: 0.70க்கு மேல் வேண்டும், 0.95ஐத் தாண்டினாலும் நல்லதல்ல, ஒரே கேள்வியைப் பல வாயால் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஒத்துப்போகிறதா என்பதற்கு ஐசிசி, அதுவும் 0.70க்கு மேல். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலோ மிக உயர்ந்த மதிப்பெண்ணிலோ குவிந்துவிட்டால் கேள்வித்தாளால் அவர்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று எழுத வேண்டும். கூடவே, “மொத்தத்தில் உங்க வாய் எப்படி இருக்கு?” என்ற ஒற்றைக் கேள்வியோடும், வாயில் உள்ள பற்களின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது எதோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

ஒரு பொறி. சில கேள்விகள் நேர்மறையாக இருக்கும். கோஹாயில் சிரமமில்லாமல் விழுங்க முடிந்ததா, எதையும் அசௌகரியமின்றிச் சாப்பிட முடிந்ததா, பல்லின் தோற்றத்தில் மகிழ்ச்சியா என்று மூன்று அப்படி உண்டு. இவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும். என் கேள்வித்தாளில் இருந்த அப்படிப்பட்டவற்றுக்கு நான் மறந்தேன். ஆல்ஃபா அதலபாதாளத்தில் வந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை, ஒரு வருட உழைப்பு வீண் என்று அம்மாவுக்குப் போன் போட்டு அழுததுகூட நடந்தது. மூன்றாம் நாள் எக்செலில் அந்தப் பத்திகளை மாற்றியதும் எண் சரியானது. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஜாமோவி இலவசம், இதற்கு அது போதும்.

11. எனக்கு ஆன செலவு

தமிழாக்கம் இருவருக்கு 4,000. திரும்ப ஆங்கிலமாக்க 5,000, தோழி வாங்க மறுத்தாள், பிறகு நிலைமை தெரிந்து அந்தப் பணத்தில்தான் ஆரோவிலிலிருந்து வேறொருவரை வைத்து மறுபடி செய்தேன். குழுக் கூட்டச் சாப்பாடும் பயணமும் 3,200. அச்சு, நகல், டம்ளர் அட்டைக்கு லேமினேஷன் 4,500. பஸ், ஆட்டோ 6,000. களத்தில் கூட வந்த பெண்ணுக்கு நாளுக்கு 500 வீதம் 20 நாள், 10,000. இரண்டாம் முறை நேரம் ஒதுக்கிய அறுபது பேருக்கு ஆளுக்கு 100 வீதம் 6,000. புள்ளியியலுக்கு 4,000. ஆக 42,700 ரூபாய். அந்த நூறு ரூபாயை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும், பின்னால் சேர்த்தால் திருத்த மனு, மறுபடி ஒரு கூட்டம்.

காலம்: தேடலும் அனுமதியும் இரண்டு மாதம், நெறிமுறைக் குழுவும் பதிவும் மூன்று, மொழிபெயர்ப்பும் கூட்டமும் ஒன்றரை, திண்ணைப் பேச்சு ஒன்று, களம் இரண்டு, கணக்கும் எழுத்தும் ஒன்றரை. குழுவின் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளர்களை அப்போதே பேசி முடித்துவையுங்கள்.

12. வேலை முடிந்த பிறகு

இறுதித் தமிழ் வடிவம், இரண்டு தமிழாக்கம், இரண்டு ஆங்கிலம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதிய அட்டவணை, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி மூல ஆசிரியருக்கு அனுப்புங்கள். அனுமதிக் கடிதத்தில் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். நான் அனுப்பியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் போட்டார்: அந்தக் கேள்வியில் ஏன் ‘நாலு பேர்’, ஏன் ஐந்து பேர் இல்லை?

அதற்கு விளக்கம் எழுத எனக்கு ஒன்றரைப் பக்கம் ஆனது.